கண்ணாடி அலமாரியில் நின்ற விமானம்

காரக்கோணத்தில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில், சுவரோடு சேர்த்துச் செய்த கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. அதன் நடுத்தட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு விமானம் நின்றுகொண்டிருக்கிறது. முழங்கை நீளம், தகரத்தாலான உடல், பிளாஸ்டிக் இறக்கைகள், இறக்கைக்கு இரண்டாக நான்கு இயந்திரங்கள். வாலின் அடியில் ‘ஜப்பான்’ என்ற சொல் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1985-ஆம் ஆண்டு, மஸ்கட்டில் மின்பணியாளராக இருந்த என் தந்தை விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது அது. அப்போது எனக்கு ஆறு வயது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, வெள்ளறடை வட்டாரங்களில் வளர்ந்த என் வயதினர் பலருடைய வீடுகளிலும் இப்படி ஓர் அலமாரி இருந்திருக்கும். உள்ளே வெளிநாட்டுச் சோப்புப் பெட்டி, திறக்கப்படாத வாசனைப் புட்டி, ஒரு பொம்மை. அது குழந்தைக்காக வாங்கப்பட்ட பொம்மைதான்; ஆனால் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டதில்லை. விருந்தினர் வரும்போது மட்டும் வெளியே எடுத்துத் தரையில் ஓடவிட்டுக் காட்டி, மீண்டும் பெட்டிக்குள் வைப்பார்கள். “எடுக்காத மக்களே, ஒடஞ்சு போவும்” என்னும் குரல் இன்றும் என் செவியில் உண்டு.

பழைய பொம்மை விமானங்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டதற்கு அந்தக் குரலே காரணமோ என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிச் சென்ற இருபது ஆண்டுகளில் முப்பத்தேழு விமானங்கள் சேர்ந்துள்ளன. பெரும்பாலானவை பழைய பொருள் கடைகளிலும் திருவிழாச் சந்தைகளிலும் கிடைத்தவை. பல, இறக்கை ஒடிந்தவை. அவற்றைத் துடைத்து, செப்பனிட்டு, குறிப்பேட்டில் பதிவுசெய்து வைக்கும்போது, பொம்மைகளின் வரலாறு என்பது பொருளாதாரத்தின் வரலாறும் ஆகும் என்பது விளங்கத் தொடங்கியது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலையில்லாத விளையாட்டுப் பொருட்கள்

கடையில் வாங்கிய பொம்மைகளுக்கு முன்னரே நம்மிடம் பொம்மைகள் இருந்தன. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் இடம்பெறுகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் ஆண்பாற் பருவங்களுள் ஒன்றே சிறுதேர் உருட்டல். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்தச் சிறுதேரின் இடத்தில் இருந்தது நுங்கு வண்டி. உண்டு முடித்த இரண்டு நுங்குக் கூடுகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். தென்னோலையைக் கீறி நான்கு இதழ்களாக மடித்து, நடுவே ஈர்க்கைச் செருகினால் காற்றாடி. எதிர்க்காற்றில் பிடித்து ஓடினால் அது சுழலும். எங்களைப் பொறுத்தவரை விமானத்தின் விசிறி அதுவே.

இப்பொருட்களுக்கு விலையும் இல்லை, ஆயுளும் இல்லை. மாலையில் வாடிவிடும், மறுநாள் புதிதாகச் செய்ய வேண்டும். உடைந்தால் அழுவதற்கும் யாரும் திட்டுவதற்கும் காரணம் இல்லை. அதனாலேயே எந்த அருங்காட்சியகத்திலும் நான் விளையாடிய நுங்கு வண்டி இல்லை. நான் விளையாடாத விமானமோ பளபளப்பு மாறாமல் அலமாரியில் இருக்கிறது.

வானத்தைப் பார்த்த ஊர்

திருவிதாங்கூரின் தென்பகுதி மக்களுக்கு வானூர்தி அறிமுகமானது சற்று முன்னதாகவே எனலாம். ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தைச் செலுத்தினார். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1935-இல், டாடா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கியது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை இரண்டானாலும் இரு பக்கத்தாருக்கும் அண்மையில் இருக்கும் விமான நிலையம் இன்றும் திருவனந்தபுரமே.

1963 நவம்பர் 21 அன்று மாலை, தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அது வானில் வெளியிட்ட சோடியம் ஆவி, செம்மஞ்சள் நிற மேகமாக நெடுந்தொலைவு வரை தெரிந்தது. அப்போது பதினாறு வயதாயிருந்த என் தந்தை, மரச்சீனி விளையில் நின்று அதைப் பார்த்ததாகச் சொல்வார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவரே வானூர்தி ஏறினார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. அவ்வளவே எங்களுக்குக் கிடைத்த தந்தை. இடைப்பட்ட காலத்தில் அவர் அனுப்பும் வரைவோலை பதிவு அஞ்சலில் வரும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பாறசாலையில் உள்ள வங்கிக்குப் போவார். முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலரின் பேனா அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வணிகவியல் படித்ததும் இந்தப் பணிக்கு வந்ததும் அங்கே தொடங்கியவை.

தகரத்தின் காலம்

பொம்மை விமானங்களின் கதை மூன்று பொருட்களின் கதையாகும்: தகரம், வார்ப்பு உலோகம், பிளாஸ்டிக்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகரப் பொம்மைத் தொழிலில் முதலிடம் பெற்ற நாடு ஜெர்மனி. மார்க்ளின், லேமன் போன்ற நிறுவனங்களும் நியூரம்பர்க் நகரத் தொழிற்கூடங்களும் உலகெங்கும் பொம்மைகளை அனுப்பின. செய்முறை எளிமையானது, நுட்பமானது. தட்டையான தகரத் தாளிலேயே சன்னல், கதவு, விமானியின் முகம் முதலிய யாவற்றையும் கல்லச்சு முறையில் வண்ணத்தில் அச்சிட்டுவிடுவார்கள். பின்னர் அச்சில் வைத்து அழுத்தி வெட்டி வளைப்பார்கள். ஒரு தகட்டின் விளிம்பிலுள்ள சிறு நாக்குகளை மற்றொன்றின் துளைகளில் செருகி மடக்கினால் உடல் உருவாகிவிடும். பழைய தகர விமானத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த மடங்கிய நாக்குகளைக் காணலாம். அவற்றை நிமிர்த்தினால் பொம்மையைப் பிரிக்கலாம். மீண்டும் மடக்கினால் மூடலாம். பழுதுபார்க்கும் வழி பொம்மையோடே சேர்ந்து வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவ்விடத்துக்கு ஜப்பான் வந்தது. போர் முடிந்த 1945-ஆம் ஆண்டின் இறுதியிலேயே, அமெரிக்கப் படையினர் எறிந்த உணவுத் தகரக் குவளைகளை நிமிர்த்தி அங்கே ஜீப் பொம்மை செய்து விற்றனர். எதுவும் இல்லாத நாட்டில், குப்பையிலிருந்து ஒரு ஏற்றுமதித் தொழில் எழுந்தது. யோகோஹாமா நகரில் இன்று தகரப் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

இந்தப் பொம்மைகளை இயக்கியவை மூன்று முறைகள். முதலாவது, சாவி கொடுத்தால் இறுகும் சுருள்வில். இரண்டாவது, உராய்வு விசை: தரையில் அழுத்தி இரண்டு மூன்று முறை தள்ளினால் உள்ளே கனமான சக்கரம் ஒன்று சுழலத் தொடங்கும், கையை எடுத்தபின் அதன் வேகமே பொம்மையை இழுத்துச் செல்லும். சிலவற்றில் அச்சக்கரம் சிக்கிமுக்கிக் கல்லில் உரசி, சிவப்புக் கண்ணாடித் தாளின் பின்னே தீப்பொறி பறக்கும். மூன்றாவது, பேட்டரி. எங்கள் வீட்டு விமானம் இந்த மூன்றாம் வகை. சுவரில் முட்டியதும் தானாகத் திரும்பி வேறு திசையில் ஓடும். வயிற்றின் அடியில் இயக்குசக்கரங்களைத் தாங்கும் சிறு பீடம், தடை ஏற்பட்டால் தானே சுழன்று திசை மாறும் வகையில் அமைக்கப்பட்டிருப்பதே அதன் மர்மம். சிறுவனாக இருந்தபோது, அதற்குள் யாரோ அமர்ந்து ஓட்டுவதாகவே நம்பினேன்.

வார்ப்பு உலோகமும் கல்கத்தாவும்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட தகட்டுப் பட்டைகளைத் திருகாணிகளால் இணைத்து விளையாடும் பொருளுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். அதுவே மெக்கானோ. அதே நிறுவனம் 1934-இல் ‘டிங்கி’ என்ற பெயரில் வார்ப்புப் பொம்மைகளை வெளியிட்டது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் பாய்ச்சி வார்க்கும் முறை அது. முதல் ஆண்டிலேயே விமானங்களும் வெளிவந்தன. தகரத்தில் அச்சிட்ட சன்னல்கள் இதில் உண்மையான வடிவத்தில் அமைந்தன. குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஆனால் கையில் எடுத்தால் கனம். அந்தக் கனமே அவற்றின் தனிச்சுவை.

அக்காலப் பொம்மைகளுக்கு ஒரு நோயும் உண்டு. கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே வெடித்து, உப்பி, இறுதியில் பொடியாகிவிடும். போருக்கு முந்தைய டிங்கி விமானங்கள் பல இவ்வாறே அழிந்தன. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் தப்பாது. பூட்டிவைப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இது ஒரு சான்று.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட், 1952 மே 2 அன்று சேவையைத் தொடங்கியது. டிங்கி நிறுவனமும் அதன் வடிவில் பொம்மை வெளியிட்டது. உண்மையான கோமெட் விமானங்கள் 1954-இல் அடுத்தடுத்து விபத்துக்குள்ளாகி நிறுத்தப்பட்டன. உடற்பகுதியின் உலோகச் சோர்வே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. பொம்மைக் கோமெட்டோ அதன்பின்னும் பல ஆண்டுகள் கடைகளில் விற்பனையாயிற்று.

இந்தியாவுக்கும் இக்கதையில் பங்கு உண்டு. 1960-களில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே அவை ‘நிக்கி’ என்ற பெயரில் வார்க்கப்பட்டன. கார்களோடு சில விமானங்களும் அவ்வாறு உருவாயின. தேய்ந்த அச்சு ஆதலால் விளிம்புகள் சற்று மழுங்கியிருக்கும். வண்ணப்பூச்சும் சீராக இராது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் முன்பு இவற்றை இரண்டாம் தரம் என்று ஒதுக்கினர். இன்றோ அவற்றைத் தேடித் தேடி வாங்குகின்றனர். இறக்குமதி அரிதாயிருந்த காலத்தில், பழைய அச்சைக்கொண்டு நம் குழந்தைகளுக்கு ஒரு விமானத்தைச் செய்துகொடுத்த தொழிலாளியின் கைத்தடம் அந்தச் சீரற்ற வண்ணத்தில் உள்ளது. என் சேகரிப்பில் நான் பெரிதும் மதிப்பது நாகர்கோவிலில் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடைத்த, சக்கரம் இல்லாத நிக்கி விமானத்தையே. அன்று அதை எடைக்கு எடை பித்தளை விலையில் வாங்கினேன்.

லிவர்பூல் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. தீப்பெட்டி அளவுப் பெட்டிகளில் ‘மேட்ச்பாக்ஸ்’ வண்டிகளை விற்றுவந்த லெஸ்னி நிறுவனம் 1982-இல் நொடித்தது. வார்ப்பு உலோகத்தின் பொற்காலம் அத்துடன் முடிந்தது எனலாம்.

பிளாஸ்டிக்கும் பின்னரும்

பிளாஸ்டிக் மலிவானது, எடை குறைந்தது, கூரிய விளிம்பு இல்லாதது. தகரத்தால் விரலைக் கிழித்துக்கொண்ட என் தலைமுறை அதைக் குறைசொல்ல இயலாது. நம் நாட்டில் 2001 ஏப்ரலில் எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. அதன்பின் அயல்நாட்டு மலிவுப் பொம்மைகள் பனச்சமூடு, களியக்காவிளைச் சந்தைகள் வரை வந்து குவிந்தன. மண்டைக்காட்டுக் கொடைவிழாக் கடைகளில், எண்ணெய்த் திரி ஏற்றினால் படபடவென்று நீரில் ஓடும் தகரப் படகைத் தேடித்தான் பிடிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாற்றம் சட்டத்தால் வந்தது. 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. கூர்முனை, எளிதில் தீப்பற்றுதல், ஈயம் முதலான நச்சு உலோகங்கள் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. என் அலமாரியில் உள்ள முப்பத்தேழு விமானங்களில் ஒன்றுகூட இச்சோதனையில் தேறாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று பொம்மை உண்மையிலேயே பறக்கிறது. 250 கிராம் வரை எடையுள்ள ஆளில்லா வானூர்திகள் ‘நானோ’ என்னும் வகையில் அடங்குகின்றன. விமான நிலையங்கள், விண்வெளி மையம் போன்ற இடங்களின் அருகே அவற்றை அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. பறப்பதைத் தவிர எல்லாம் செய்த பொம்மை விமானம், இறுதியில் பறக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் அது பழுதானால் திறக்க நாக்குகள் இல்லை. திறந்தாலும் உள்ளே நம் கைக்கு வேலை இல்லை. பறப்பதாகக் கற்பனை செய்யும் வேலையும் குழந்தைக்கு இல்லை. பொம்மைகள் மேம்பட்டிருக்கின்றன, அவற்றோடு நம் உறவு குறுகியிருக்கிறது. இரண்டும் உண்மையே.

வயதை எவ்வாறு அறிவது?

பழைய பொம்மை ஒன்று கையில் கிடைத்தால் அதன் காலத்தை ஓரளவு நாமே கணிக்கலாம். வங்கியில் ஆவணம் பார்க்கும் கண்ணே இதற்குப் போதும்.

பெட்டியில் விலை அணாவில் இருந்தால், அது 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் நடைமுறைக்கு வருமுன் அச்சிடப்பட்டது என்று கொள்ளலாம். தயாரிப்பாளர் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், அது 1972 ஆகஸ்டு 15-க்குப் பிற்பட்டது. பம்பாய் 1995-இலும், மெட்ராஸ் 1996-இலும், கல்கத்தா 2001-இலும் ஆங்கிலத்தில் பெயர் மாறின. பழைய பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்னும் ஆங்கில முத்திரை 1947 முதல் 1952 வரையிலான காலத்தைக் காட்டும். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ஒரு சான்றை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்றை ஒப்பிட்டு முடிவுசெய்வது நலம்.

சேகரிக்க விரும்புவோர் கவனத்துக்கு

தகரப் பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள். உலர்ந்த மென்துணி போதும். நம் ஊரின் மழைக்காலத்தில் துரு முதல் எதிரி. உப்புக்காற்று வீசும் கடலோர வீடுகளில் மூடிய அலமாரியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா சிறுபைகளும் தேவை. நேர்வெயில் அச்சு வண்ணத்தை வெளிறச் செய்யும். புதிய வண்ணம் பூசி அழகுபடுத்த வேண்டாம். பழைய வண்ணத்தை இழந்த பொம்மை மதிப்பின் பெரும்பகுதியை இழந்துவிடும். பெட்டியை எறிய வேண்டாம். பேட்டரியை உள்ளே விட்டுவைக்கவே வேண்டாம். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் ஆதலால், வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. கையாண்டபின் கையைக் கழுவ வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு சொல். கடையை விட்டு வெளியே வந்ததும் பொம்மையின் விலை வீழ்கிறது. பிறகு நெடுங்காலம் அதற்கு விலையே இல்லை. அந்த இடைவெளியில் பெரும்பாலானவை உடைந்தும் தொலைந்தும் போகின்றன. எஞ்சிய சிலவற்றின் விலை, அவற்றை விரும்பியோர் சம்பாதிக்கும் வயதை எட்டும்போது உயர்கிறது. அந்தத் தலைமுறை மறைந்தால் மீண்டும் வீழவும் கூடும். எனவே இதை முதலீடு என்று கருதுவது பொருந்தாது. வட்டி இல்லை, நிலையான சந்தை இல்லை, அவசரத்துக்கு விற்றால் நினைத்த விலை கிடைக்காது. அவசரகாலச் சேமிப்பையும் பிள்ளைகளின் கல்விக்கான வைப்பையும் தொடாமல், மிஞ்சிய சிறு தொகையில் மட்டும் சேகரியுங்கள். இணையவழியில் வாங்கும்போதும் விற்கும்போதும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண்ணோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ ஒருபோதும் தேவையில்லை. கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர். நூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் பழமையான கலைப்பொருட்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

அலமாரி திறந்த நாள்

கடந்த ஓணம் விடுமுறையில் ஒரு சேகரிப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முப்பத்தேழு விமானங்களையும் பார்த்து முடித்தபின், முன்னறை அலமாரியின் முன்னால் நின்றுவிட்டார். பெட்டி உண்டா என்றார், உண்டு என்றேன். பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த அட்டைத் தாங்கியையும் மடித்த விளக்கத்தாளையும் பார்த்தார். பதினெட்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். “ஒரு கீறல்கூட இல்லையே சாரே, எப்படி இப்படி வச்சிருந்தீங்க?” என்று வியந்தார்.

என்னால் உடனே விடைசொல்ல இயலவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த என் தந்தைதான் பதில் சொன்னார்: “அவன் வெளையாடல்ல. அதுதான்.”

யோசித்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினேன். அன்று இரவு தந்தை அந்தப் பேச்சை எடுத்தார். அவருக்கு இப்போது 78 வயது. “அண்ணு அதுக்கு ஆறு ரியால். ரெண்டு நாளு கூலி. ஒடஞ்சா வேற வாங்கப் பைசா வேண்டாமா? அதுதான் தொடப்பிடாதுண்ணு சொன்னேன்” என்றார். நான் கேட்காத கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. சற்று நேரம் கழித்து, “பிள்ளைக்குக் குடு. வச்சு வச்சு யாருக்குக் குடுக்கப் போறோம்?” என்றார்.

மறுநாள் காலை அலமாரி திறக்கப்பட்டது. ஒன்பது வயதான என் மகள் அருகில் அமர்ந்தாள். வயிற்று மூடியைக் கழற்றியபோது எங்களுக்கு ஏமாற்றம் காத்திருந்தது. எப்போதோ யாரோ மறந்துவிட்ட இரண்டு பழைய பேட்டரிகள் உள்ளே கசிந்து, தகடுகளில் வெண்பச்சைப் பொருக்காகப் படிந்திருந்தன. பெட்டியின் மேல் கீறலே இல்லாத பொம்மை, உள்ளே அரித்துப்போயிருந்தது. வந்தவரும் அதைப் பார்க்கவில்லை. முப்பத்தேழு விமானங்களைப் பராமரிக்கும் நானும் பார்த்ததில்லை.

தந்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அக்காலக் கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. சமையல் சோடாவைக் குழைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அகலும் என்றார். இக்கால ஆல்கலைன் பேட்டரி என்றால் சோடா பயன்படாது, வினிகரே வேண்டும் என்று பேத்திக்கு விளக்கினார். இற்றுப்போன ஒரு கம்பியை வெட்டி, புதிய கம்பியைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. அவருடைய கை நடுங்கியது. பற்றுகோலை நான் பிடித்துக்கொள்ள, ஈயக்கம்பியை அவர் நீட்டினார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பொருளைச் செப்பனிட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல்முறை.

சொடுக்கியைத் தள்ளியதும் முதலில் ஓர் உறுமல். பிறகு நான்கு இயந்திரங்களிலும் விளக்குகள் ஒளிர்ந்தன, ஒன்றில் மட்டும் மங்கலாக. விமானம் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஓடி, சுவரில் முட்டி, திரும்பி, அப்பாவின் காலருகே வந்து நின்று, மறுபடியும் திரும்பியது. மகள் அதைத் துரத்தினாள். கதவுநிலையில் மோதி இறக்கையின் முனையில் ஒரு கீறல் விழுந்தது. அவள் திடுக்கிட்டுத் தாத்தாவைப் பார்த்தாள்.

“சாரமில்ல மக்களே, ஓடட்டு” என்றார் அவர்.

சேகரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, விற்கும் எண்ணம் இல்லை என்றும், இனி அது அந்த விலைக்குத் தகுந்த நிலையிலும் இல்லை என்றும் தெரிவித்தேன். என் குறிப்பேட்டில் முப்பத்தெட்டாவது பதிவாக அதைச் சேர்த்தேன். ‘நிலை’ என்ற பத்தியில் இதுவரை எந்த விமானத்துக்கும் எழுதாத ஒரு சொல்லை எழுதினேன்: ‘பயன்பாட்டில் உள்ளது.’

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கலாம். விலை மதிப்பிடுவதற்கு முன்னால், அதை வாங்கிவந்தவர் அருகில் இருக்கும்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். குறைந்தது, பேட்டரியையாவது எடுத்துவிடலாம்.